பெத்ரோனிலாவின் வசவைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்:
எர்மெலிந்தா பாசான்,
மாவு மில் உரிமையாளர்,
சந்தைச் சதுக்கம்,
சாந்தா தொமித்திலா கிராமம்,
கொயிஸ்த்லாவாகா வட்டம்,
வஹாக்கா மாநிலம், மெக்சிகோ.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பேசும் சுவர்கள் திட்டம்,
தலைமை அலுவலகம்,
வஹாக்கா நகரம்.

பொருள்: எங்கள் ஊர்ச் சுவரிலிருந்து எங்கள் குரல்களை நீக்கிவிட்டுப் பிழையான வேற்றுக் குரலைப் பொருத்தியது – பழைய ஒலிப்பதிவுகளை அழிக்காமல் உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: சுவரின் மின் இணைப்பைத் துண்டித்ததற்கு விளக்கம் கேட்டுத் தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஆணையர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. பார்வையில் கண்ட அறிவிப்பில், பொதுப் பண்பாட்டுச் சொத்துக்கு வந்த மின்சாரத்தை நான் துண்டித்தது உண்மையா என்று கேட்கப்பட்டிருக்கிறது. உண்மை. வயரைப் பிடுங்கியது நான்தான். அந்த வயர் என் மில்லிலிருந்து போகிறது. அந்தச் சுவரும் என் மில்லின் தெற்குச் சுவர். காரணத்தை எழுத அறிவிப்பின் அடியில் ஒரு வரி இடம் விட்டிருக்கிறார்கள். என் காரணம் ஒரு வரியில் அடங்காது என்பதால் இம்மனுவைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. எங்கள் ஊரில், எங்கள் பூர்வ மொழியான ங்கிவாவை முழுதாகப் பேசுகிறவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அவர்களில் வயதில் இளையவள் நான். எனக்கு நாற்பத்து நான்கு ஆகிறது. எனக்கு அடுத்து இளையவர் ஓவியர் செலெரினோ பெத்தான்சோஸ், என்னைவிட ஒரே வயது மூத்தவர். இருந்தாலும் சிறு வயதிலிருந்தே என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சின்னப் பிள்ளையிலேயே நான் பெரிய மனுஷி மாதிரி அதட்டுவேனாம். என் மகள் ஆரேலிக்கு ஞானஸ்நானத்தில் துணை நின்ற ஞானத்தகப்பன் அவர்தான். அவர் இப்போது தங்கள் திட்டத்தின் வட்ட ஒருங்கிணைப்பாளர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

3. மூன்று ஆண்டுகளுக்கு முன், அவருக்குப் பதவி எதுவும் இல்லாத காலத்தில், என் மில்லுக்கு வந்து சுவரைக் கேட்டார். "அக்கா, இந்தச் சுவத்துல ஆடு, மழை, கதவு, குகைன்னு நம்ம ஊரை வரையறேன். ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் ஒரு பொத்தான். அமுக்கினா நம்ம ஜனங்க பேசணும். பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைங்க கை சும்மா இருக்குமா? அமுக்கிட்டேதான் போகும். காதுல விழுந்துட்டே இருந்தா நாக்குல வந்துடும்" என்றார். நான் அன்றைக்கே சுவரையும் மின்சாரத்தையும் கொடுத்தேன். அது நல்ல யோசனை. இன்றும் நல்ல யோசனை என்றே சொல்கிறேன்.

4. குரல் பதிய வீடுவீடாகப் போனோம். வாய்க்கு நேராக மைக்கை நீட்டியதும் எல்லோரும் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்கள்போல் ஆகிவிட்டார்கள். "ஆடு" என்று சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார்கள். செலெரினோதான் வழி கண்டுபிடித்தார். மைக்கை நீட்டுவதை விட்டுவிட்டு, ஜனங்கள் பேசுகிற இடத்தில் கருவியை வைத்துவிட்டு அவர்களைப் பேசவிட்டோம். ஓலை காய்ந்துவிடாமலிருக்க நாங்கள் உட்கார்ந்து தொப்பி பின்னுகிற குகையில் வைத்தோம், ஆட்டுப் பட்டியில் வைத்தோம், மாவுக்குக் காத்திருக்கும் பெண்களின் நடுவே என் மில்லிலும் வைத்தோம். நாய் குரைத்தது, இருமல் வந்தது, மில் இரைந்தது. இரைச்சல் அதிகமாக இருக்கிறதே என்று நான் கேட்டபோது அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "இருமலும் மொழிதான் அக்கா. இருமாம பேசறதுக்கு நம்ம ஜனங்க என்ன ரேடியோவா?"

5. ஆட்டுப் படத்துக்கு உரிய பதிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெத்ரோனிலாவும் அவருடைய நாத்தனார் ஹெனோவேவாவும் பல வருடங்களாக முகம் பார்த்துப் பேசாதவர்கள். அன்று ஹெனோவேவாவின் ஆடு, பெத்ரோனிலா பாதி பின்னி வைத்திருந்த தொப்பியைத் தின்றுவிட்டது. பட்டியில் கருவி ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் மொழியில் அவர்கள் பேசியதன் பொருள் இது.

பெத்ரோனிலா: "இன்னைக்கு உன் ஆடு என் தொப்பியைத் தின்னுச்சு. நாளைக்கு உன் தலையைத் தின்னும். உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சதும் துப்பிடும்!"

ஹெனோவேவா: "தொப்பியா அது? கோழி அடைகாக்கிற கூடுன்னு நெனச்சு வாய் வச்சிருக்கும், பாவம். அதுக்கு இன்னும் வயித்தை வலிக்குது."

பெத்ரோனிலா: "எனக்கெதுக்கு உன் ஆட்டு வம்பு? எங்க வீட்லதான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே, உங்க அண்ணன்! அதுக்குத் தீனி போடவே எனக்குப் பொழுது சரியாப் போகுது."

இந்த இடத்தில் வேலியோரம் நின்றிருந்த பெத்ரோனிலாவின் கணவர் அபுந்தியோ வெடித்துச் சிரித்தார். ஹெனோவேவாவும் சிரித்துவிட்டார். செலெரினோ சிரித்ததும் பதிவில் இருக்கிறது. பிறகு நாத்தனாரும் அண்ணியும் ஒரே சுரைக்குடுக்கையில் புல்கே கள் குடித்தார்கள். அந்த வசவில் ஆட்டுக்கு எங்கள் மொழியில் உள்ள மூன்று பெயர்களும் இருக்கின்றன. தொப்பியின் ஒவ்வொரு பாகத்துக்கும் உள்ள சொல் இருக்கிறது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத கோபம் இருக்கிறது.

6. குரல் கொடுக்கப் பலர் தயங்கினார்கள். வெளியூரிலிருந்து பதிய வந்தவர்கள் பதிந்துகொண்டு போய்விடுவார்கள், பிறகு எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் இதுவரை நடந்தது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் நான் பொறுப்பேற்றேன். குரல் இந்த ஊரை விட்டுப் போகாது, யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள் என்று சொன்னேன். பக்கத்தில் நின்று செலெரினோவும் அதையே சொன்னார். அபுந்தியோ மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "நான் அமுக்கும்போதெல்லாம் இவ திட்டுவாளா?" எப்போதும் திட்டுவார் என்றேன். "அப்போ சரி. வீட்ல வாங்கறது பத்தலை" என்றார். பெத்ரோனிலா அவர் முதுகில் ஓலையால் ஒன்று போட்டார்.

7. சாந்தா தொமித்திலா திருவிழாவன்று சுவரைத் திறந்தோம். அதே ஆண்டு டிசம்பரில் பெத்ரோனிலா நுரையீரல் காய்ச்சலில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுவாரத்திலிருந்து அபுந்தியோ தினமும் ஓலைக்கட்டோடு சுவரண்டை வந்து, ஆட்டுக்குக் கீழே உட்கார்ந்து, பொத்தானை அமுக்கி, மனைவியிடம் வசவு வாங்கிக்கொண்டு தொப்பி பின்னுவார். மில் ஓடும்போது சத்தம் அவருக்குச் சரியாகக் கேட்காது என்று, அவர் கையை உயர்த்தினால் நான் மில்லை நிறுத்துவேன். மாவுக்குக் காத்திருக்கும் பெண்கள் ஒருவரும் முணுமுணுத்ததில்லை. பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று வசவைக் கூடவே சொல்லுவார்கள். என் மகள் எங்கள் மொழியில் பேசிய முதல் முழு வாக்கியமே, உன் தலையில் ஒன்றுமில்லை என்பதுதான். என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் அவளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன்.

8. சென்ற ஆண்டு தங்கள் திட்டம் எங்கள் சுவரை ஏற்றுக்கொண்டது. செலெரினோவுக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது. நான் என் பங்குக்கு ஒரு ஆட்டை அறுத்து விருந்து வைத்தேன். சுற்றுலாப் பாதையில் எங்கள் ஊரையும் சேர்ப்பதால் சுவரைப் புதுப்பிக்க வேண்டும் என்று ஜனவரியில் துணி போட்டு மூடினார்கள். வர்ணம் பூசுகிறார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டது. எனக்கும் அதுதான் சொல்லப்பட்டது. சொன்னவர் என் மகளின் ஞானத்தகப்பன்.

9. பிப்ரவரியில் பேண்டு வாத்தியத்தோடு மறுதிறப்பு நடந்தது. தலைநகரிலிருந்து விருந்தினர்கள் வந்திருந்தார்கள். செலெரினோ மைக்கைப் பிடித்து ஸ்பானிய மொழியில் சொன்னார்: "நான் இந்த ஊர்ப் பிள்ளை. இந்த மொழி பேசுறவன். இந்தச் சுவர் சொல்ற ஒவ்வொரு சொல்லும் சரின்னு நானே கேட்டு உறுதி சொல்றேன்." எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிறகு அபுந்தியோவை முன்னால் அழைத்து அமுக்கச் சொன்னார்கள். அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆட்டுப் பொத்தானை அமுக்கினார்.

10. ஒரு இளம்பெண்ணின் குரல் வந்தது. தேன் மாதிரிக் குரல். ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றது. தவறாக அமுக்கிவிட்டோம் என்று நினைத்து அபுந்தியோ மறுபடி அமுக்கினார். மறுபடியும் அதே குரல். மழையை அமுக்கினார், குகையை அமுக்கினார். எல்லாவற்றிலும் அவளே இருந்தாள். அவர் கூட்டத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "எர்மெலிந்தா, இது யாரு?" என்றார். விருந்தினர்கள் சிரித்தார்கள். அவர் வேடிக்கை பண்ணுகிறார் என்று நினைத்திருக்க வேண்டும். பேண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டது.

11. அந்தப் பெண் தலைநகரைச் சேர்ந்த நடிகை என்று பிறகு தெரிந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்கிறார். ஆனால் எங்கள் மொழியில் குரல் ஏறுவதும் இறங்குவதும் சேர்ந்துதான் சொல். அவர் எல்லாவற்றையும் ஒரே மட்டத்தில் அழகாகப் படித்துவிட்டார். கதவுப் படத்துக்குக் கீழே "வாங்க, உட்காருங்க" என்று இருக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் அவர் சொல்வது, "வாங்க, அழுகிப் போங்க" என்று கேட்கிறது. மூன்று மாதமாக வருகிறவர்கள் எல்லோரையும் எங்கள் ஊர்ச் சுவர் இப்படித்தான் வரவேற்றது. என் மகள் அதைக் கற்றுக்கொண்டு வந்து ஹெனோவேவாவுக்கு மரியாதையாகச் சொன்னாள். ஹெனோவேவா, "ஆகட்டும்டி கண்ணு, அதுக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கு, அவசரப்படாத" என்றார். அன்று சிரித்தோம்.

12. சிரிப்பு நீடிக்கவில்லை. எங்கள் பள்ளி ஆசிரியர் நல்லவர், வேறு பகுதிக்காரர், எங்கள் மொழி அறியாதவர். சுவர் சொல்வதைப் பிள்ளைகள் கேட்டு ஒப்பிக்க வேண்டும் என்று பாடம் வைத்தார். ஆரேலி வீட்டில் ஒப்பித்துப் பார்த்தபோது நான் திருத்தினேன். அவள் சொன்னது: "நீதாம்மா தப்பாச் சொல்ற. சுவர் அப்படிச் சொல்லலை. எல்லாம் சரின்னு ஞானத்தகப்பன் மைக்குல சொன்னாரே, நீயும் கைதட்டினியே." ஐயா, எங்கள் மொழியைப் பேசினால் பள்ளியில் அடித்த காலம் இருந்தது. என் தகப்பனார் அந்த அடியை வாங்கியவர். ஆனால் அந்தக் காலத்தில்கூட, நாங்கள் பேசுவது எங்கள் மொழியே இல்லை என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை. அதை இப்போது என் மகள் வாயால் கேட்டேன்.

13. மறுநாள் பஸ் ஏறி செலெரினோவின் அலுவலகத்துக்குப் போனேன். அவர் எழுந்து நின்று நாற்காலி போட்டார், காபி வாங்கி வரச் செய்தார். ஏன் என்று கேட்டேன். "அக்கா, மேல சுத்தமான சத்தம் கேட்டாங்க. இருமல், நாய், மில்லு... வெளியூர்க்காரன் ரெண்டு நிமிஷம் நின்னு கேக்க மாட்டான். இது நடக்கலைன்னா சுவரே திட்டத்துல இல்லை. நான் என்ன பண்ணுவேன்?" என்றார். நான் திட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அந்தப் பெண் சொல்வது தப்பு என்று உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். "பெரும்பாலும் சரியாத்தான் இருக்கு" என்றார்.

14. அதுவரை என் மனதில் அவருக்கு ஓர் இடம் வைத்திருந்தேன். நகரத்தில் பல வருடம் இருந்ததில் காது மழுங்கிவிட்டது, தெரியாமல் செய்துவிட்டார் என்று எண்ணியிருந்தேன். எழுந்து கிளம்பும்போது, "உங்க அம்மா கோழி கூப்பிடற குரலும் அதுல இருந்துச்சே தம்பி, அதையுமா எடுத்துட்ட?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். "அதை விடுவேனா அக்கா? சுவரை மூடறதுக்கு முன்னாடியே அம்மாவோடதை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன்" என்று சொல்லி எனக்குப் போட்டுக் காட்டினார். அவருடைய தாயார் கோழிகளைக் கூப்பிட்டார். நடுவில் இருமினார். கேட்டுக்கொண்டிருந்த செலெரினோவின் கண் கலங்கியது.

15. மற்றவர்களுடையது எங்கே என்று கேட்டேன். தலைமை அலுவலகக் கணினியில் இருப்பதாகவும், பழுதான பதிவுகள் என்று குறித்து அனுப்பியாயிற்று என்றும், எப்போது அழிப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். குறித்து அனுப்பியவர் அவரே. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, ஐயா. தெரிந்து தன் தாயாரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் விட்டுவிட்டார். நான் காபியைக் குடிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வயரைப் பிடுங்கினேன்.

16. இதனால் எனக்கு நேர்ந்ததையும் தங்களுக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ஊரார் செலெரினோவைத் திட்டுவதில்லை. அவர் ஊரில் இல்லை, நான் இருக்கிறேன். ஹெனோவேவா என் மில் வாசலில் நின்று, "உன் வாயை நம்பித்தானே நாங்க வாயைத் தொறந்தோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மாவுக்கு வரும் பெண்கள் இன்னும் வருகிறார்கள். என் மில்லில் எப்போதும் எங்கள் மொழிதான் கேட்கும், நான் அதைக் கற்றதே அங்கேதான். இப்போது நான் பக்கத்தில் வந்தால் அவர்கள் ஸ்பானிய மொழிக்கு மாறிவிடுகிறார்கள். மாவு எப்படி வேண்டும் என்று எங்கள் மொழியில் கேட்டால் ஸ்பானிய மொழியில் பதில் வருகிறது. அபுந்தியோ சந்தைக்குப் போக என் சுவரைத் தாண்டாமல் சதுக்கத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார். இந்த மனுவில் அவர் கையெழுத்து இல்லை. கேட்டேன். "இன்னொரு தடவை நீ சொல்லி நான் எதையும் கொடுக்க மாட்டேன் எர்மெலிந்தா" என்றார். அவர் சொன்னது நியாயம் என்பதால் வற்புறுத்தவில்லை.

17. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

முதலாவதும் அவசரமானதும் இதுதான். தங்கள் அலுவலகத்தில் பழுது என்று குறிக்கப்பட்டிருக்கும் பதிவுகளை யாரும் தொடாதபடி இன்றே உத்தரவிட வேண்டும். அவற்றைப் பதிந்த வடிவத்திலேயே, இருமலும் நாயும் எடுக்கப்படாமல், பேசியவர்களிடமோ அவர்கள் வீட்டாரிடமோ ஒப்படைக்க வேண்டும். பெத்ரோனிலாவின் பதிவை முதலில் அனுப்ப வேண்டும். மற்றவர்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார்கள், மன்னித்தால் மறுபடி பேசுவார்கள். அவர் பேச மாட்டார். அந்தப் பதிவை அபுந்தியோ கையில் கொடுக்க வேண்டும், என் கையில் வேண்டாம்.

சுவர் சொல்வது பிழை என்று பள்ளி ஆசிரியருக்குத் தாங்களே எழுத வேண்டும். நான் சொன்னால் என் மகளே நம்புவதில்லை.

எங்கள் குரல்கள் திரும்பி வரும்வரை என் மில்லிலிருந்து அந்தச் சுவருக்கு மின்சாரம் போகாது. இதற்கு அபராதமோ வேறு தண்டனையோ உண்டென்றால் ஏற்றுக்கொள்கிறேன்.

18. இறுதியாக, செலெரினோ பெத்தான்சோஸ் அவர்களைப் பற்றி. அவரைப் பதவி நீக்கும்படி நான் கேட்கவில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. என் மகளுக்கு அவர் ஞானத்தகப்பன், அதை எந்த உத்தரவாலும் மாற்ற முடியாது. மறுதிறப்பன்று அவர் உறுதி சொன்னது ஸ்பானிய மொழியில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊர் சதுக்கத்தில் கூடியிருக்கும்போது, அவரை இங்கே அனுப்பி வையுங்கள். அன்று ஒரு நாள் மட்டும் நானே வயரைச் சொருகுகிறேன். அவர் எங்கள் முன்னால் நின்று, ஒவ்வொரு பொத்தானாக அமுக்கிக் கேட்டுவிட்டு, இது சரி என்று எங்கள் மொழியில் சொல்லட்டும். எங்கள் மொழியில் அவர் அதைச் சொல்லிவிட்டால், நான் இந்த மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தங்கள் உத்தரவு பதிவுகள் அழிக்கப்படும் முன் வந்து சேரும் என்று எதிர்பார்த்து,

எர்மெலிந்தா பாசான்
(கையெழுத்து)

ஹெனோவேவா – இடது கைப் பெருவிரல் ரேகை
(அவர் சொன்னபடி எழுதியது: "இது எங்க அண்ணிக்காக. எர்மெலிந்தாவுக்காக இல்லை.")

இடம்: சாந்தா தொமித்திலா
நாள்: 3 ஜூன் 2019